அத்தை செலுத்திய வலது கால்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் ஆண்டு, ஐப்பசி மாதத்தில், திருச்சி ஜில்லாவிலிருந்து மூடநம்பிக்கை அடியோடு ஒழிந்தது. ஒழித்தது என் மாமா அழகிரியின் இடது கணுக்கால்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, மாவுக்கட்டுப் போட்ட காலை டிரங்குப் பெட்டியின்மேல் தலையணை அடுக்கித் தூக்கி வைத்துக்கொண்டு, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமாவே அறிவித்த செய்தி.

"உள்ளே ரெண்டு ஸ்க்ரூ இருக்கு. இங்கிலாந்து ஸ்க்ரூ. அதுதான் எலும்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. இதுல எந்தச் சாமிக்கும் ஒரு மரை கூடப் பங்கு கிடையாது. இந்தக் கால் நடக்கற அன்னிக்கு ஊர்ல இருக்கற உண்டியலையெல்லாம் கழட்டி எடைக்குப் போட்டுடலாம்."

வந்தவர்கள் காலை மரியாதையாகப் பார்த்தார்கள். சாத்துக்குடிப் பையை வைத்தார்கள். அவரவர் சாமியிடம் வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாமா ரயில்வேயில் கார்டு. கரி எஞ்சின் இழுக்கும் பாசஞ்சர் வண்டியின் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக் கொடி காட்டுபவர். "டிரைவர்தான் ரயிலை ஓட்டறான்னு ஊரே நினைக்குது. நான் கொடி காட்டாம எஞ்சின் ஒரு அங்குலம் நகருமா?" என்று கேட்பார். நகராது என்றுதான் நானும் சொல்லுவேன். ஜீயபுரத்திலிருந்து திருச்சிக்கு பி.ஏ. படிக்க வந்து, ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நான். வேறு எப்படிச் சொல்ல முடியும்?

வேலை இல்லாத நாட்களில் மாமா பகுத்தறிவுப் படிப்பகத்தின் தலைவர். அங்கே நாலு உறுப்பினர்கள். அதில் நான் ஒருவன். அங்கே மின்விசிறி இருந்தது.

கால் முறிந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வாசல் நிலைக்கு மேலே என் அத்தை ரங்கநாயகி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தாள், கண் படாமல் இருக்க. அதை அறுத்து எறிவதற்காக மாமா ஸ்டூல் போட்டு ஏறினார். "பாரு மாப்ளே, அறுக்கறேன். என்ன ஆகுதுன்னு பாரு" என்று என்னைச் சாட்சிக்கு நிறுத்தினார். அறுத்தார். அதற்குப் பின்னால் குடியிருந்த பல்லி அவர் தோளில் விழுந்தது. மாமா அந்தரத்தில் ஒரு துள்ளுத் துள்ளினார். திரும்பி வரும்போது ஸ்டூல் அங்கே இல்லை.

அத்தை முதலில் மாமாவைத் தூக்கினாள். பிறகு பஞ்சாங்கத்தைப் பார்த்தாள். தோளில் பல்லி விழுந்தால் வெற்றி என்று போட்டிருந்தது. பல்லிக்கு ஒரு கீறலும் இல்லை என்பதால், வெற்றி யாருக்கு என்பதை நாங்கள் யாரும் பேசவில்லை.

"பயந்து துள்ளல. உடம்போட அனிச்சைச் செயல்" என்று ஜட்கா வண்டியில் போகும்போது மாமா முனகினார். வண்டிக்காரர் "ஆமாங்க" என்றார்.

அறுவை செய்தவர் கண்டோன்மெண்டில் இருந்த டாக்டர் அற்புதசாமி. மாமாவுக்கு அவர்மேல் அளவில்லாத மதிப்பு. விஞ்ஞானமே வெள்ளைக் கோட்டுப் போட்டு வந்ததுபோல என்பார். அதில் ஒரே ஒரு சின்னச் சங்கடம். மயக்க மருந்து ஏறுவதற்குச் சற்று முன்னால், டாக்டர் கத்தியைக் கையில் எடுக்கும்முன் நெற்றியிலும் நெஞ்சிலும் இரு தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டதை மாமா பார்த்துவிட்டார்.

"அது ஒண்ணுமில்லை மாப்ளே. பெரிய ஆபரேஷனுக்கு முன்னாடி கை மூட்டைத் தளர்த்திக்குவாங்க."

"எல்லா டாக்டரும் அதே மாதிரி நாலு இடத்துலதான் தளர்த்துவாங்களா மாமா?"

"நீ போய் விசிறியை எடுத்துட்டு வா."

விசிறி காற்றுக்காக அல்ல. மாவுக்கட்டுக்குள் அரிப்பெடுத்தால் விசிறிக் காம்பை உள்ளே விட்டுச் சொறிய வேண்டும். ஒருவர் காம்பை நுழைக்க, மற்றவர் "கீழே, இன்னும் கீழே, கொஞ்சம் உள்பக்கம்" என்று வழி சொல்ல வேண்டும். இரண்டாவது வேலையை மாமா ஏற்றுக்கொண்டார். அந்த நேரத்தில் மட்டும் அவர் கண்களை மூடி, முகத்தில் ஒரு பேரின்பத்தோடு இருப்பார்.

பக்கத்து வீட்டு வள்ளிக்கண்ணு ஒரு நாள் மடியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து, மாமா சுதாரிக்கும்முன் மாவுக்கட்டின்மேல் பட்டையாக இழுத்துவிட்டாள்.

"ஏம்மா, இத்தனை தடிமனுக்கு மாவு போட்டு இறுக்கியிருக்கு. அதுக்கு மேல சாம்பலைப் பூசினா உள்ளே இருக்கற எலும்புக்கு எப்படித் தெரியும்? காலிங் பெல் வச்சிருக்கா?"

"பூசிட்டேன். இனிமே ஆத்தா பாடு" என்று வள்ளிக்கண்ணு எழுந்து போய்விட்டாள். மாமா எனக்கு ஈரத் துணி கொண்டுவரச் சொல்லித் துடைக்க வைத்தார். அன்று மாலைப் படிப்பகக்காரர்கள் வந்தபோது, சாம்பல் பூசும் பழக்கத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். நாற்காலியில் இருந்தபடியே கைதட்டல் வாங்கினார்.

அப்துல் சலாம் பாய் வேறு ரகம். ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் இருப்பவர். மாமாவின் நெடுநாள் சிநேகிதர். நத்தர்ஷா பள்ளிவாசலில் ஓதிய சர்க்கரையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார்.

"உனக்காக துவா கேட்டேன் அழகிரி. அல்லா லேசாக்கிடுவான். வாயைத் திற."

"பாய், நான் இதைச் சர்க்கரையாத்தான் சாப்பிடுறேன். தெரிஞ்சுக்க."

"நீ எப்படி வேணா சாப்பிடு. கால் சரியாகலேன்னா கவலைப்படாதே. பார்சல் ஆபீஸ்ல எனக்கு எதிர்ல ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்கேன்."

பாய் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாமா சிரிக்கவில்லை. அவர் பயந்தது அந்த ஒரு நாற்காலிக்குத்தான். கால் கட்டைப் பிரித்ததும் ரயில்வே டாக்டர் சோதிப்பார். வண்டியின் படியிலிருந்து தரையில் குதித்து இறங்கி, நொண்டாமல் நடந்து காட்ட வேண்டும். காட்டினால் மறுபடி கார்டு. இல்லாவிட்டால் ஓய்வு பெறுகிறவரை பார்சல் ஆபீஸ். வாழைத்தார் எடை போட வேண்டும். மணப்பாறை முறுக்கு டின்னுக்குச் சீட்டு ஒட்ட வேண்டும். வெளியே இன்னொருவன் கொடி காட்ட ரயில் கிளம்பிப் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒட்ட வேண்டும்.

அத்தைக்கும் இது தெரியும். அதனால்தான் ஒரு நாள் சோறு போடும்போது மெதுவாகச் சொன்னாள். "சமயபுரத்தாளுக்கு வெள்ளியில கால் வாங்கிப் போடறேன்னு வேண்டிக்கிட்டேங்க."

உடம்பில் எந்த உறுப்பு சரியில்லையோ அதே உறுப்பை வெள்ளித் தகட்டில் அடித்து, கோயில் வாசலில் விற்பார்கள். கண்ணுக்குக் கண், கைக்குக் கை. வாங்கி உண்டியலில் போட வேண்டும்.

மாமா சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். "வெள்ளிக் காலை வச்சுக்கிட்டு அவ என்ன பண்ணப்போறா? அவளுக்குக் கால் இல்லையா?"

"அவளுக்கு இருக்கு. உங்களுக்குத்தான் இல்லை. ரசம் ஊத்தட்டுமா?"

"ரங்கநாயகி, இந்த வீட்டுலேருந்து ஒரு கால் சமயபுரம் போச்சு, நான் சும்மா இருக்க மாட்டேன்."

"உங்களால எந்திரிக்க முடியாதுங்க இப்ப" என்று அத்தை ரசத்தை ஊற்றினாள்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்து வந்தது மாமாவின் கால் என்று நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. வற்றிப் போன முருங்கைக்காய்போல மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, கணுக்காலின் ஓரத்தில் பூரான் ஊர்ந்ததுபோல் தையல் தழும்போடு இருந்தது. மடக்கச் சொன்னால் மடங்கவில்லை. டாக்டர் அற்புதசாமி பயிற்சி சொல்லிக்கொடுத்தார்: தரையில் சோடா பாட்டிலைப் போட்டுப் பாதத்தால் உருட்ட வேண்டும், கட்டைவிரலால் காற்றில் எழுத்துகள் எழுத வேண்டும். எழுதினால் கணு எல்லாப் பக்கமும் திரும்பும். "ஆண்டவர் கிருபையில எலும்பு நல்லாச் சேர்ந்திருக்கு. இனிமே உங்க உழைப்புதான்" என்றார். முதல் வாக்கியத்தை மாமா கேட்டுக்கொள்ளவில்லை.

அ, ஆ எழுதுவது குழந்தை வேலை என்று மாமா காற்றில் "கடவுள் இல்லை" என்று எழுத ஆரம்பித்தார். "கடவுள்" வரைக்கும் கால் ஒழுங்காக வந்தது. அதற்கு அடுத்த 'இ'யின் சுழியில் கணு பிடித்துக்கொண்டு நின்றுவிடும். காலை, மாலை இரண்டு வேளையும் சாய்வு நாற்காலியில் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்தார். ஒவ்வொரு தடவையும் "கடவுள்" வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

அவர் கக்கத்துக் கட்டைகளை விட்டுவிட்டு ஒற்றைக் கைத்தடியோடு முதல் தடவை வாசல் வரை போன மறுநாள், அத்தை காலையிலேயே காணாமல் போனாள். மத்தியானம் திரும்பி வந்தபோது நெற்றியில் பெரிய குங்குமம். மாமா காத்துக்கொண்டிருந்தார்.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"எவ்வளவு பெரிய கால்?"

"உள்ளங்கை அளவு இருக்கும்."

"எந்தக் கால்?"

கேலிக்காகத்தான் கேட்டார். ஆனால் அத்தை தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு மாமாவின் எதிரே வந்து நின்று, அவர் காலைப் பார்த்தாள். மறுபடியும் தன் கையைப் பார்த்தாள்.

"கடைக்காரி வலதா இடதான்னு கேட்டாங்க. நான் வலதுன்னேன்."

"ஏன்?"

"உங்களுக்கு எதிர்ல உக்காந்துதானே நான் தினமும் எண்ணெய் தேய்க்கிறேன். எனக்கு வலப்பக்கம் இருக்கற கால்தானே அது."

மாமா தன் இடது காலையும் அவளையும் பார்த்தார். பிறகு மாமா சிரித்தார். கால் முறிந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கைத்தடி கீழே விழும்வரை சிரித்தார்.

"மாப்ளே, இது சாதாரண விஷயமில்லை. ஆராய்ச்சி. ரெண்டு கால். ஒண்ணுக்குக் காணிக்கை, இன்னொண்ணுக்கு ஸ்க்ரூ. காணிக்கை போனது வலது காலுக்கு. நடந்தது எது? இடது. உலகத்துல எந்த விஞ்ஞானிக்கும் இப்படி ஒரு வாய்ப்புக் கிடைச்சதில்லை. உங்க அத்தை தெரியாம செஞ்ச சேவை இது."

அத்தை அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அன்று குழம்பில் உப்பு இல்லை.

அந்த வாரம் படிப்பகத்தில் மாமாவின் சொற்பொழிவு நடந்தது. தலைப்பு: வலது காலுக்குக் காணிக்கை, இடது காலுக்கு விஞ்ஞானம். மேடையில் ஏற முடியாததால் மேடைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார். உறுப்பினர் மூவரும் முழுதாகக் கேட்டார்கள். நாலாவது உறுப்பினர் நாற்காலியை நகர்த்தி மின்விசிறிக்கு நேரே போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ரயில்வே டாக்டரின் சோதனை வந்தது.

நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வண்டிப் படி உயரத்துக்கு ஒரு மரப் பலகை போட்டிருந்தார்கள். மாமா கையில் சுருட்டிய கொடியோடு ஏறினார். குதித்தார். வலது கால் ஸ்பிரிங் வைத்ததுபோல் இறங்கியது. இடது கால் ஒரு கணம் யோசித்துவிட்டு, வேண்டா வெறுப்பாக வந்து சேர்ந்தது. பிறகு நடந்தார். அந்த நடையை நொண்டல் இல்லை என்று சொல்ல மாமாவாலேயே முடியாது.

"இன்னும் ஒரு மாசம் பார்க்கலாம்" என்றார் ரயில்வே டாக்டர், நல்ல மனிதர். "அப்பவும் இப்படியே இருந்தா, பார்சல் ஆபீஸ்ல உக்காந்து பார்க்கற வேலை இருக்கு. கவலைப்படாதீங்க."

வீட்டுக்கு வந்து சாய்வு நாற்காலியில் விழுந்த மாமா, வெகுநேரம் தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, என் வலது முழங்கால்ல ஒரு பிடிப்பு இருக்குமே. மழை நாள்ல உக்காந்தா எந்திரிக்க முடியாம."

"ஆமாம் மாமா. நான் வந்த நாளிலேருந்து சொல்வீங்களே."

"இப்ப இல்லை."

"நல்லதுதானே மாமா."

"கொஞ்ச நாளாவே இல்லை" என்றார் அவர். வலது காலை நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டினார். அது பூனைக்குட்டிபோல வளைந்து கொடுத்தது. மாமா அதைப் பார்த்த பார்வையில் சந்தோஷம் எதுவும் இல்லை. தனக்கு வர வேண்டிய இனிப்பை அடுத்த இலையில் வைத்துவிட்டார்கள் என்றால் பந்தியில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

சாயங்காலம் சலாம் பாய் வந்தார். அத்தை வலது கால் கதையையும், வலது முழங்காலின் பிடிப்பு போன கதையையும் அவரிடம் சொன்னாள்.

பாய் தொப்பியைக் கழற்றி மடிமேல் வைத்துக்கொண்டு யோசித்தார். "இதுல ஒண்ணும் குழப்பமில்லையே. பார்சல் போய்ச் சேர்ந்திருச்சு. விலாசம்தான் தப்பு. மணப்பாறைக்குப் போக வேண்டியது மணியாச்சிக்குப் போயிருச்சு. மணியாச்சிக்காரன் சும்மா விடுவானா, பிரிச்சுத் தின்னுட்டான்."

"போய்யா" என்றார் மாமா.

"நான் தினம் பார்க்கறேன் அழகிரி. விலாசம் ஒண்ணு தப்பா இருந்தா சரக்கு மேல குத்தம் சொல்ல முடியாது. அனுப்பினவங்கதான் மறுபடி வந்து திருத்திக் கொடுக்கணும்."

மாமா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நானும் கவனித்தேன், பாயும் கவனித்தார். பாய் போகும்போது நாற்காலிப் பேச்சை எடுக்காமல், "அந்தச் சர்க்கரை இன்னும் கொஞ்சம் இருக்கு, அனுப்பி வைக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மாமா அத்தையைக் கூப்பிட்டார்.

"ஒரு காரியத்தைச் செய்யறதுன்னா திருந்தச் செய்யணும். எனக்கு நம்பிக்கை இல்லைங்கறது வேற. ஆனா நம்பிக்கை உள்ளவ நீ. புருஷனுக்கு எந்தக் கால் உடைஞ்சுதுன்னு கூடத் தெரியாம ஒருத்தி கோயிலுக்குப் போவாளா?"

"அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை போயி இடது கால் போட்டுட்டு வந்துடறேங்க."

"தேவையில்லை. என் கொள்கை என்னாகறது? ரெண்டு காலையும் போட்டுட்டா ஆராய்ச்சி கெட்டுப்போகும்."

"சரிங்க" என்றாள் அத்தை. போகும் பேச்சையே பிறகு எடுக்கவில்லை. அவள் ரொம்பவும் சுலபமாகச் சரி என்று சொன்னது எனக்குச் சந்தேகமாக இருந்தது. மாமாவுக்கு அது ஏமாற்றமாக இருந்தது என்று நினைக்கிறேன். வெள்ளி, சனி இரண்டு நாளும், "உனக்கு வேற எங்கேயும் போற வேலை இல்லையே?" என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கறி வாங்கக் கிளம்பிய என்னை மாமா தடுத்தார். வயிறு சரியில்லையாம், இன்று கறி வேண்டாமாம். வயிறு சரியில்லாதவர் தலைக்குக் குளித்தார். வெளுத்த வேட்டி கட்டினார்.

"மாப்ளே, கிளம்பு. பஸ்ஸுல ஏறி இறங்கிப் பழகணும். படி உயரமா இருக்கற பஸ்ஸாப் பார்த்து ஏறணும்."

"எந்த பஸ் மாமா?"

"எதுவா இருந்தா என்ன, படிதான் முக்கியம்."

அத்தை வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. "பார்த்துப் போங்க, கூட்டமா இருக்கும்" என்றாள். எங்கே கூட்டமாக இருக்கும் என்று மாமாவும் கேட்கவில்லை.

ஸ்டேஷன் பக்கம் நின்ற இரண்டு பஸ்களை மாமா படி தாழ்வு என்று விட்டுவிட்டார். மூன்றாவது பஸ்ஸின் படியும் அதே உயரம்தான். அதில் சமயபுரம் என்று போட்டிருந்தது. கொள்ளிடம் பாலத்தைத் தாண்டும்போது, "இந்தப் பக்கம் காத்து நல்லா வருது" என்றார். டோல்கேட்டில் இறங்கவில்லை. இறங்கிப் பழகத்தானே வந்தோம் என்று நான் நினைவுபடுத்தினேன். "ஒரே தடவையா இறங்கிக்கலாம்" என்றார்.

கோயில் தெருவில் வரிசையாகக் கடைகள். மஞ்சளும் வேப்பிலையும் மாலையுமாக இருந்த ஒரு கடையின் முன்னால் மாமா கைத்தடியை ஊன்றி நின்றார். தட்டில் வெள்ளிக் கண்களும் கைகளும் கால்களும் கிடந்தன. கடைக்காரி இருளாயி என்பவள், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "காலுங்களா?" என்றாள். தடியைப் பார்த்தாலே தெரியுமே.

"இடது கால். நல்லாப் பார்த்துக் கொடும்மா. பெருவிரல் எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்துத்தான் எடுப்பேன்."

"எந்தக் காலா இருந்தா என்னங்க, ஆத்தாளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா நான் ஏம்மா இங்க வந்து நிக்கறேன்?"

அவள் ஒரு காலை எடுத்துக் கொடுத்தாள். மாமா செருப்பைக் கழற்றி, தன் இடது காலைக் கடைப் பலகையின் ஓரத்தில் தூக்கி வைத்து, வெள்ளிக் காலை அதன் பக்கத்தில் பிடித்து, விரல் விரலாக ஒப்பிட்டார். பின்னால் நின்ற அம்மாள் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எந்தக் காலைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள் என்று தெரியவில்லை.

"மாப்ளே, இது வேண்டுதல் இல்லை. தப்பான ஊருக்குப் போன சரக்கைச் சரியான ஊருக்குத் திருப்பி விடறது. எந்த ரயில்வேயிலயும் உள்ளதுதான்."

"ஆமாம் மாமா."

"படிப்பகத்துல சொல்லணும்னு இல்லை."

"இல்லை மாமா."

கூட்டத்தில் மாமாவின் நொண்டலுக்கு எல்லோரும் வழிவிட்டார்கள். உண்டியலுக்கு முன்னால் வந்ததும் நின்றார். வண்டி கிளம்புவதற்கு முன் கார்டு பிளாட்பாரத்தின் இரு முனையையும் பார்ப்பதுபோல, வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். தெரிந்தவர் யாரும் இல்லை. கையைத் தூக்கினார். வெள்ளிக் கால் உள்ளே விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மாமாவுக்குக் கேட்டது என்று அவர் தலையசைப்பில் தெரிந்தது.

பூசாரி நீட்டிய தட்டிலிருந்து அவர் திருநீற்றை வாங்கிக்கொண்டபோது நான் கவனிக்காததுபோலத் தூணில் இருந்த சிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் வைக்கவில்லை. கையில் மூடி வைத்துக்கொண்டு, கூட்டத்தை விட்டு ஒதுங்கித் தூணோரம் வந்தார். கைத்தடியை என்னிடம் கொடுத்தார்.

"கொஞ்சம் பிடி. ஷூ நாடா அவிழ்ந்திருக்கு, கட்டிட்டு வந்துடறேன்."

எனக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு குனிந்தார். நான் சிங்கத்தையே பார்த்தேன். கோயிலுக்குள் மாமா வெறுங்காலோடு இருந்தார். அவர் நிமிர்ந்து வந்தபோது, இடது கணுக்காலின் தழும்பு முழுக்க வெள்ளையாக இருந்தது.